அரண்மனையில் தனிமை கிடையாது: தொடர்கதை எழுதும் வாசகிக்கு

கேள்வி:

சோழர் காலப் பின்னணியில் இணையத்தில் ஒரு தொடர்கதை எழுதிவருகிறேன். சுந்தர சோழருக்குத் திறை கட்டும் ஒரு கற்பனைச் சிற்றரசு. மூத்த இளவரசன் இளங்கதிருக்கு வயது 22. அவன் சிற்றப்பா மகன் வேங்கையனுக்கு 21. போரில் தோற்ற பக்கத்து நாட்டு அரசனின் மகள் யாழினி, 18 வயது, பிணையாக இந்த அரண்மனையில் இருக்கிறாள். இருவருக்கும் அவள்மேல் காதல். 14 அத்தியாயங்கள் வெளியாகிவிட்டன. "டிவி சீரியலுக்குக் கிரீடம் வைத்த மாதிரி இருக்கிறது" என்று ஒருவர் எழுதிவிட்டார். காதல் காட்சிகள் ஒரே மாதிரி வருகின்றன. வேங்கையன் வெறும் வில்லனாகிவிட்டான். கடமை என்று வந்தாலே இளங்கதிர் மேடைப்பேச்சில் இறங்கிவிடுகிறான். எங்கே சரிசெய்வது? சென்னையில் இருந்துகொண்டே எதைப் பார்க்கலாம், எதைப் படிக்கலாம்?
- வாசகி, பெரம்பூர்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் அனுப்பிய 14 அத்தியாயங்களையும் படித்தாயிற்று. உங்கள் தமிழுக்கு ஒரு குறையும் இல்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் வெள்ளாற்றைப் பரிசலில் கடக்கும் இடத்தில் கை வைக்கவே வேண்டாம், அப்படியே இருக்கட்டும். நீங்கள் கேட்டிருக்கும் மூன்று குறைகளுக்கும் காரணம் ஒன்றுதான்: உங்கள் அரண்மனை காலியாகக் கிடக்கிறது. 14 அத்தியாயங்களில் 11 இடங்களில் இரண்டே பேர் தனியாக நின்று பேசுகிறார்கள். விளக்குப் பிடிப்பவன் எங்கே, வெற்றிலை மடிப்பவள் எங்கே, வாசற்காவல் எங்கே, இரவில் யாழினியின் கட்டிலருகே படுக்கும் செவிலித்தாய் எங்கே? அரச குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஒன்று தனிமை. காதலோ பகையோ கடமையோ, நாலு பேர் கண்முன்னேதான் நடந்தாக வேண்டும். அந்த நாலு பேரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அண்ணாநகர் அபார்ட்மெண்டில் நடக்கும் கதை. அந்த வாசகர் சொன்னது அதைத்தான்.

ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் மேலே, வாசகருக்குத் தெரியாமல், மூன்று குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள். யார் பார்க்கிறார்கள்? அவர்கள் யாரிடம் போய்ச் சொல்வார்கள்? எத்தனை நாழிகையில் அது அரசர் காதுக்கு எட்டும்? ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு நாளுக்கு 60 நாழிகை. முதல் கேள்விக்கு "யாரும் பார்க்கவில்லை" என்று பதில் வந்தால், அந்தத் தனிமையை அவர்கள் என்ன விலை கொடுத்து வாங்கினார்கள் என்பதும் காட்சிக்குள் வந்தாக வேண்டும். காவலனை யார் எந்தச் சாக்கில் அனுப்பினார்கள்? அவன் நாளைக்கு என்ன கேட்பான்?

உங்கள் அரசருக்கு ஒரு தினசரி அட்டவணையும் வேண்டும். அர்த்தசாஸ்திரம் பகலை எட்டாகவும் இரவை எட்டாகவும் பிரித்து அரசனுக்கு வேலை ஒதுக்குகிறது. ஒரு பங்கு மூன்றே முக்கால் நாழிகை, அதாவது ஒன்றரை மணி நேரம். வரவு செலவும் காவலும் கேட்பது முதல் பங்கில், குடிகளின் வழக்கு இரண்டாவதில், குளியலும் சாப்பாடும் மூன்றாவதில், ஒற்றர் செய்தி ஐந்தாவதில், யானை குதிரைகளைப் பார்வையிடுவது ஏழாவதில் என்று போகும். உங்கள் சிற்றரசர் இதை அப்படியே கடைப்பிடிக்க வேண்டியதில்லை. எழுதுகிற உங்களுக்குத்தான் இது பயன். யாழினியைப் பற்றிய வதந்தி ஐந்தாம் பங்கில் அரசரை எட்டுகிறது, ஏழாம் பங்கில் யானைக் கொட்டாரத்தில் அவர் பக்கத்தில் இளங்கதிர் நின்றாக வேண்டும் என்று வைத்துக்கொண்டால், இடையில் இருக்கும் ஒரே ஒரு பங்கு உங்களுக்கு ஓர் அத்தியாயம் தரும்.

நள்ளிரவு நந்தவனச் சந்திப்பு நான்கு முறை வருகிறது. மூன்றை வெட்டிவிடுங்கள். மிஞ்சும் ஒன்றைக் கதையின் பிற்பகுதிக்குத் தள்ளி, அதனால் ஒரு காவலனுக்கு வேலையோ தலையோ போகும்படி வையுங்கள். பிறகு யாழினி அவன் மனைவியை ஒரு முறையாவது நேரில் பார்க்க வேண்டும்.

காதல் காட்சிகள் ஒரே மாதிரி வருவதற்கு வழி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. காதலைப் பாடும் அகப்பொருளில் காதல் படிப்படியாக ஏறுகிறது: ஊருக்குத் தெரியாமல் சந்திக்கும் களவு, ஊர் பேசும் அலர், பெண்ணை வீட்டுக்குள் வைக்கும் இற்செறிப்பு, பிறகு காதலை வீட்டாருக்குத் தெரிவிக்கும் அறத்தொடு நிற்றல், முடிவில் வரைவு என்ற கல்யாணம் அல்லது காதலனோடு ஊரைவிட்டுப் போகும் உடன்போக்கு. உங்கள் 14 அத்தியாயங்களும் களவிலேயே நின்றுவிட்டன. அலரை உடனே கிளப்புங்கள். அறத்தொடு நிற்றலில் செய்தி போகும் வரிசையைக் கவனியுங்கள்: தலைவி தோழியிடம், தோழி செவிலியிடம், செவிலி பெற்ற தாயான நற்றாயிடம், நற்றாய் தந்தையிடமும் தமையன்மாரிடமும். ஒவ்வொரு கை மாறும்போதும் செய்தி கொஞ்சம் நிறம் மாறும். யாழினியின் தாய் பகை நாட்டில் இருப்பதால் உங்கள் கதையில் இந்தச் சங்கிலி செவிலியோடு அறுந்துபோகிறது. அடுத்து யாரிடம் போய்ச் சொல்வது என்று அந்தக் கிழவி தவிக்கட்டும். நீங்கள் இதுவரை எழுதாத நல்ல காட்சி அது.

காதலர்கள் தொட்டுக்கொள்ளாமலே நெருக்கம் காட்ட வேண்டுமானால் சிலப்பதிகாரத்தில் மாதவியின் இரண்டாம் கடிதத்தைப் பாருங்கள். சுருட்டிய ஓலையின் மேல் மண் இலச்சினை. அதில் அவள் கூந்தல் பதிந்த தடம். ஓலையை வாங்கிய கோவலன் பிரிப்பதற்கு முன்பே அந்தக் கூந்தல் நெய்யின் வாசத்தில் ஆளைக் கண்டுகொள்கிறான். உங்கள் எட்டாம் அத்தியாயத்தில் யாழினி இளங்கதிருக்கு எழுதும் கடிதம் ஒன்றரைப் பக்கம் ஓடுகிறது. எழுத்தாணியால் ஓலையில் கீறி எழுதுகிற பெண் அவ்வளவு எழுத மாட்டாள். கீறிய எழுத்தை அழிக்க முடியாது, மை தடவித் துடைத்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும், கையில் கறை ஒட்டும். இரண்டு வரி நறுக்கோலை போதும். மறுநாள் காலையில் பாட்டியின் கண் அந்தக் கறைபட்ட விரலில் விழட்டும்.

இதைவிட நல்ல கருவி ஒன்று இருக்கிறது: நந்தா விளக்கு. சோழர் கல்வெட்டுகளில் ஒரு கோவிலுக்கு அணையா விளக்கு வைக்க வழக்கமான கொடை 96 ஆடு. அந்த மந்தையை ஏற்றுக்கொள்ளும் இடையர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழம் தட்டியது போனாலும் குட்டிகளால் மந்தை குறையாது என்பதால் "சாவா மூவாப் பேராடு" என்று எழுதினார்கள். யார் கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்பது கல்லில் ஏறும். பிணையாக இருக்கும் பெண் எதிரியின் தலைநகரத்துக் கோவிலில் விளக்கு வைக்கக் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஆரம்பிக்கலாம்:

"யார் நலத்துக்கு என்று வெட்டட்டும்?" கோவில் கணக்கர் ஓலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

யாழினி செவிலியைப் பார்த்தாள். செவிலி தரையைப் பார்த்தாள். அப்பாவின் பெயரைச் சொன்னால் அது இந்த ஊர்ச் சுவரில் என்றைக்கும் நிற்கும்.

"பெயர் பிறகு வரட்டும்," என்றான் மண்டபத் தூணருகே நின்ற இளங்கதிர். "ஆடு வந்ததா?"

"வந்தது. தொண்ணூற்றாறு. ஒரே மந்தை."

வேங்கையன் அதற்குள் வெளிப்பிராகாரத்துக்கு இறங்கியிருந்தான். ஓர் ஆட்டின் காதை மெல்லத் திருப்பிப் பார்த்தான். காதில் அரண்மனைத் தொழுவத்தின் சூட்டுக்குறி. மூத்தவன் தொழுவம். அவன் ஒன்றும் சொல்லாமல் எண்ண ஆரம்பித்தான்.

காதல் என்ற சொல்லே வரவில்லை, ஆனால் மூன்று பேருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. வேங்கையன் சிரிக்கவும் இல்லை. (உங்கள் தொடரில் அவன் ஒன்பது முறை கொக்கரிக்கிறான், ஒன்றுகூட வேண்டாம்.) காதல் கல்லில் ஏறியதற்கு முன்னுதாரணமும் உண்டு. ராஜேந்திர சோழனும் அவனுடைய அணுக்கியார், அதாவது நெருங்கிய துணைவி, பரவை நங்கையாரும் திருவாரூர்க் கோவிலில் சேர்ந்து நின்ற இடம் தெரிய ஒரு குத்துவிளக்கு வைக்கப்பட்டதை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. பேரரசன் தன் பிரியத்தை ஊரறியச் சொன்ன விதம் அது.

அடுத்தது அவசரம். ஒன்பதாம் அத்தியாயத்தில் யாழினியின் தாயும் இளங்கதிரின் தாயும் உடன்பிறந்தவர்கள் என்று ஒரு திருப்பம் வைத்திருக்கிறீர்கள். அப்படியானால் அவர்கள் அக்காள் தங்கை பிள்ளைகள். நம் முறையில் அண்ணன் தங்கை. தமிழ் வாசகர் அந்த வரியோடு கதையை மூடிவிடுவார். வெளிநாட்டு அரச குடும்பத் தொடர்கள் நிறையப் பார்த்தால் இந்தத் தவறு கண்ணில் படாமல் போகும். ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்: யாழினியின் தாயை இளங்கதிரின் அப்பாவுக்குத் தங்கையாக்குங்கள். இப்போது யாழினி அத்தை மகள். இளங்கதிருக்கு மட்டுமா? வேங்கையனின் அப்பாவும் அதே அண்ணன் தம்பிகளில் ஒருவர், ஆகவே வேங்கையனுக்கும் அதே முறை, அதே உரிமை. பகைக்கு நீங்கள் தேடிய நியாயம் உறவிலேயே கிடைத்துவிடுகிறது. இன்னொரு லாபமும் உண்டு. இனி அவளைப் பிணை என்று அரண்மனையில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "அத்தை மகள் வந்து தங்கியிருக்கிறாள்" என்பார்கள். அவளுக்கும் அது நன்றாகத் தெரியும். தனியாக அகப்பட்டால் "அத்தான்", சபையில் "இளவரசே". எந்த இடத்தில் எதைச் சொன்னாள் என்பதை வைத்தே வேங்கையன் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அரச குடும்பங்களில் உறவு முறையில் நடந்த கல்யாணம் ஆட்சியையே மாற்றியிருக்கிறது. முதலாம் குலோத்துங்கன் ராஜேந்திரனின் மகள் அம்மங்கையின் மகன். மணந்தது தாய்மாமன் இரண்டாம் ராஜேந்திரனின் மகள் மதுராந்தகியை. வேங்கிச் சாளுக்கியக் குலத்துப் பிள்ளையான அவன் 1070-இல் சோழ அரியணை ஏறினான். ஆகவே யாழினியை யார் மணக்கிறார்கள் என்பது இரண்டு இளைஞர்களின் தவிப்போடு முடிகிற சங்கதி இல்லை. அவள் பிள்ளைக்கு இரண்டு நாட்டிலும் உரிமை வரும். இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டியவள் பாட்டி. உங்கள் கதையில் பாட்டி ஒரே ஒரு அத்தியாயத்தில் வந்து ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போகிறார். சோழ அரசர் கண்டராதித்தர் 957 வாக்கில் மறைந்த பிறகு அவர் மனைவி செம்பியன் மாதேவியார் ஏறத்தாழ 1001 வரை இருந்தார். மகன் உத்தம சோழன் ஆண்டதையும் பார்த்தார், ராஜராஜன் ஆண்டதையும் பார்த்தார். செங்கல் கோவில்களைக் கற்றளிகளாக, அதாவது கல் கோவில்களாக, மாற்றிக்கொண்டே போனார். அந்தப்புரத்தில் அப்படி ஒரு மூதாட்டி இருந்தால் பாதி அரசியல் அங்கேதான் நடக்கும்.

வேங்கையனுக்கு வருவோம். அவனுக்கு உரிமை, திறமை, அவனை நம்பி இருக்கும் ஆட்கள் என மூன்றும் வேண்டும். உரிமை கொடுப்பது சுலபம். சோழர் அரியணை தந்தையிடமிருந்து மகனுக்கு நேர்க்கோட்டில் போகவில்லை. பராந்தகனுக்குப் பிறகு மகன் கண்டராதித்தன், பிறகு அவன் தம்பி அரிஞ்சயன், பிறகு அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன், அதன்பின் திரும்பவும் கண்டராதித்தன் மகன் உத்தமன். இந்த மாதிரிக் குடும்பத்தில் யாரும் காரணமில்லாமல் ஆசைப்படுவதில்லை. உங்கள் கதையில் மூத்தவர் போரில் காயப்பட்டுப் படுத்திருந்த ஆறு வருடம் இளையவர், அதாவது வேங்கையனின் அப்பா, ஆண்டதாக வையுங்கள். வேங்கையனுக்கு ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வரை கோவிலில் முதல் பரிவட்டம் அவன் தலையில். பெரியப்பா குணமானார், ஒரு நாள் காலையில் பரிவட்டம் அண்ணனுக்குப் போயிற்று. யாரும் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. பகைக்கு இது போதும், விஷம் வைக்கிற காட்சியெல்லாம் தேவைப்படாது.

திறமைக்கு அவனை ஏரியில் இறக்குங்கள். ஏரித் தண்ணீரைத் திறந்துவிடும் குமிழித் தூம்பு எங்கே அடைத்திருக்கிறது, கடைமடைக்குத் தண்ணீர் எத்தனை நாளில் போகும் என்பது அவனுக்குத் தெரியும், இளங்கதிருக்குத் தெரியாது. ஆயக்கட்டு விவசாயிகள் வேங்கையன் பக்கம்தான் நிற்பார்கள். அவர்கள் சொல்வதும் சரிதானே என்று வாசகருக்குத் தோன்றினால் கதை நிமிர்ந்துவிடும். உரசலைச் சின்னச் சின்ன இடங்களில் காட்டுங்கள்: ஊர்வலத்தில் யாருக்கு எந்த யானை, தாம்பூலம் யாருக்கு முதலில், எல்லை குறிக்கப் பிடியானை நடத்தும்போது ஓலையைப் பிடித்துக்கொண்டு கூடப் போவது யார். சோழர் செப்பேடுகளில் கொடை நிலத்தின் எல்லையைப் பிடியானையை நடக்கவிட்டுக் குறித்தார்கள். இரண்டு இளவரசர்களும் ஒரு பகல் முழுக்க அந்த யானைக்குப் பின்னால் நடக்கட்டும். வேலிக்கல் ஒரு முழம் தள்ளி விழுந்தாலே போதும், சண்டைக்கு வேறு காரணம் வேண்டாம்.

நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் ஒரே சோழர் குடியில் பிறந்து, ஒருவன் மற்றவனை முற்றுகையிட்டபோது கோவூர் கிழார் சொன்னது புறநானூற்றில் 45-ஆம் பாட்டு: "ஒருவீர் தோற்பினும் தோற்ப நும் குடியே." உங்கள் கதையில் இதைச் சொல்ல ஒரு புலவர் வேண்டும் என்றில்லை; கணக்கர் ஒருவரே சலிப்போடு சொல்லலாம். வேங்கையனைக் கொன்று கதையை முடிக்கப்போவதாகக் குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். அருண்மொழியைப் பட்டம் ஏற்கும்படி குடிகள் வேண்டியும், சிற்றப்பன் உத்தம சோழனுக்கு அந்த ஆசை இருக்கும்வரை மனத்தாலும் விரும்பவில்லை என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. 985-இல் ராஜராஜனாக முடிசூடிய பிறகு அவன் உத்தம சோழனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தனை என்ன செய்தான்? வேலை கொடுத்தான். அந்த இளவரசன் கோவில் கோவிலாகப் போய்க் கணக்கு விசாரித்ததாகக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அரியணைக்கு உரிமை இருந்தவன் நெய் அளவைச் சரிபார்க்கிறான். யாழினி வைத்த விளக்குக்கு நெய் ஒழுங்காக அளக்கிறார்களா என்று கடைசி அத்தியாயத்தில் விசாரிக்க வருபவன் வேங்கையனாக இருந்தால் எப்படி இருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

கொலைதான் வேண்டுமென்றால் அதற்கும் அரசவை பதில் சொல்லும் விதம் ஒன்று உண்டு. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது 969 வாக்கில். அதற்கான தண்டனை நமக்குக் கிடைப்பது உடையார்குடியில், ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில், நிலப் பறிமுதல் நடவடிக்கையாக. துரோகிகளின் உறவினர்கள் நிலமும் சேர்த்துப் போகிறது. வாள் வீச்சை விட இது பயங்கரம்.

கடமைக்கு வருகிறேன். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் இளங்கதிர் இரண்டு பக்கம் நாட்டுப்பற்று பேசுகிறான். கடமையை வாயில் வைத்தால் இப்படித்தான் ஆகும். அதை ஓலையில் வையுங்கள். சோழர் நிர்வாகத்தில் அரசன் வாய்மொழியாகச் சொல்வது முதல் கட்டம். அதைத் திருமந்திர ஓலை எழுதுகிறவர் எழுதிக்கொள்வார். திருமந்திர ஓலை நாயகம் ஒப்பிட்டுப் பார்ப்பார். பிறகு அதிகாரிகள் "வரியிலிட்டுக்கொள்க" என்று சொல்ல, புரவுவரித் திணைக்களம் என்ற நிலவரித் துறையில் வரிப்பொத்தகக்காரர் பதிவு செய்வார். உங்கள் சிற்றரசுக்கு இவ்வளவு மேசை வேண்டாம், மூன்று கணக்கர் போதும். இப்போது உத்தரவு இது: "யாழினியின் தந்தை திறை கட்டவில்லை, மூத்த இளவரசன் படையோடு போய் வசூலிக்க." சொன்னது காலையில். பதிவாவது மூன்றாம் நாள். அதுவரை இளங்கதிர் என்ன செய்யலாம்? ஓலை நாயகத்திடம் மறுபடி ஒப்பிடச் சொன்னால் ஒரு நாள் கிடைக்கும், அந்தக் கிழவரின் நம்பிக்கை போய்விடும். வரிப்பொத்தகக்காரர் வேங்கையனுக்குக் கடமைப்பட்டவர். பதிவாகிவிட்டால் யாழினி விருந்தாளி இல்லை, எதிரியின் மகள். போரில் பிடித்து வந்த பெண்களைச் சோழ அரண்மனையில் வேளம் என்ற பணிப்பெண்கள் குடியிருப்பில் சேர்த்தார்கள். அந்தப் பயம் இந்தச் சிற்றரண்மனையிலும் அவளுக்கு இருக்கட்டும். யாரும் அவளிடம் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. செவிலி இரவோடு இரவாக நகைகளை முந்தானையில் முடிந்துகொள்வதே சொல்லிவிடும்.

கடமை தவறியவன் என்ன ஆவான் என்று தெரிந்துகொள்ள நீங்கள் தஞ்சாவூர் போக வேண்டாம், திருவொற்றியூர் போங்கள். பராந்தகனின் மூத்த மகன் ராஜாதித்தன் 949-இல் தக்கோலத்தில் யானைமேல் இருந்தபடி ராஷ்டிரகூடர் பக்கத்துக் கங்க மன்னன் பூதுகன் கையில் இறந்தான். அவன் அருகிலேயே இருந்தவர் வல்லபர், கேரளத்திலிருந்து வந்த படித்த மனிதர். தலைவனோடு சாகும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கவில்லை. அந்த வெட்கத்தில் கங்கையில் மூழ்கி, துறவு பூண்டு, சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு திருவொற்றியூரில் மடத் தலைவரானார். அந்தக் கோவிலுக்கு அவர் கொடை அளித்தது தன் இளவரசனைக் கொன்ற தரப்பின் தலைவனான ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியாண்டைக் குறிப்பிட்டு. அந்த வட்டாரம் அப்போது அவன் கையில் இருந்தது. வேறு யார் பெயரைக் குறிப்பிட முடியும்? உங்கள் கதை நடப்பது சுந்தர சோழர் காலம், தக்கோலம் முடிந்து சில வருடங்கள்தான். உங்கள் அரண்மனையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒவ்வொரு வீரனும் அந்தப் போரில் யாரையோ விட்டுவிட்டு வந்தவன். இளங்கதிரின் ஆசானை அப்படி ஒருவராக்கிவிட்டால் கடமையைப் பற்றி யாரும் பேச வேண்டிய தேவையே வராது.

விவரப் பிழைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறாம் அத்தியாயத்தில் இளங்கதிர் தஞ்சையின் வானளாவிய விமானத்தை அண்ணாந்து பார்க்கிறான். பெரிய கோவில் கட்டி முடிந்தது 1010-இல். ஏழாம் அத்தியாயத்தில் தூதன் விடியலில் காஞ்சியில் கிளம்பி இரவில் தஞ்சையில் இறங்குகிறான். நேர்க்கோட்டிலேயே சுமார் 235 கிலோமீட்டர், வழியில் பாலாறு, தென்பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம். ஒரே குதிரையில் நாளுக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்தால் ஐந்தாறு நாள். ஐப்பசியில் ஆற்றில் வெள்ளம் என்றால் ஓடத்துறையில் இன்னும் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். இந்தத் தாமதம் உங்களுக்குச் சாதகம். மன்னிப்பு ஓலை வருவதற்குள் படை கிளம்பிவிடலாம். விருந்தில் மிளகாய்த் துவையல், தோட்டத்தில் கொய்யாவும் பப்பாளியும், யாழினி கழுத்தில் நிலச்சம்பங்கி மாலை என எல்லாமே போர்ச்சுகீசியர் வந்த பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சேர்ந்தவை. மிளகு, இஞ்சி, புளி, மாம்பழம், பலா, முல்லை, தாழம்பூ, செண்பகம், மகிழம்பூ என்று மாற்றிக்கொள்ளுங்கள். வீணைக்குப் பதில் யாழ் வையுங்கள். இன்றைய வடிவ வீணை மிகப் பிந்தியது. தேதியைச் சுந்தர சோழரின் ஆட்சியாண்டால் குறியுங்கள். யாழினி, இளங்கதிர் இரண்டும் இன்றைய பள்ளி வருகைப் பதிவேட்டுப் பெயர்கள். ஆனால் வாசகர்கள் 14 அத்தியாயமாகப் பழகிவிட்டதால் இப்போது மாற்ற வேண்டாம், புதிதாக வருகிறவர்களுக்குக் கொற்றி, நக்கன், சாத்தன் என்று வையுங்கள்.

சென்னையில் இரண்டு பயணம் போதும். முதலாவது திருவொற்றியூர் தியாகராஜர் கோவில்; மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடி நிலையத்தில் இறங்கலாம். ஆதிபுரீசுவரர் சந்நிதி விமானத்தின் பின்புறம் வளைந்திருப்பதைப் பாருங்கள். ராஜேந்திரன் காலத்தில் கருங்கல்லில் கட்டியது. சுவரில் எழுத்து எங்கே தொடங்குகிறது, ஒரு வரி எத்தனை கல்லைத் தாண்டி ஓடுகிறது, எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். விளக்குக் காட்சிக்கு இந்த அளவுகள் வேண்டும். இரண்டாவது எழும்பூர் அரசு அருங்காட்சியகம், வெள்ளிக்கிழமை விடுமுறை. வெண்கலப் பிரிவில் திருவாலங்காட்டு நடராஜரோடு நின்றுவிடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் தேவியர் உருவங்களில் ஆடை எங்கே முடிகிறது, தோள்வளை எங்கே அமர்கிறது, காதுத் துளை எவ்வளவு நீளம் என்று பாருங்கள். உங்கள் யாழினி இப்போது ரவிக்கையோடு பட்டுப் புடவை கட்டியிருக்கிறாள். அதே வளாகத்தில் இருக்கும் கன்னிமாரா நூலகத்தில் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளைக் கேளுங்கள். இரண்டாம் தொகுதியில் தஞ்சைக் கல்வெட்டுகள், மூன்றாவதில் திருவாலங்காட்டுச் செப்பேடு. மன்னர் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியைத் தாண்டிவிட்டு, யார் யாருக்கு எவ்வளவு நெல் என்று வரும் பகுதியைப் படியுங்கள். உங்கள் காலி அரண்மனையை நிரப்பும் ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள்: விளக்குக்காரர், குடை பிடிப்பவர், கணக்கர், தையல்காரர்.

வெளியான அத்தியாயங்களை ஒட்டுமொத்தமாகத் திருத்த உட்கார்ந்தால் தொடர் நின்றுவிடும். ஒன்பதாவதில் உறவு முறையை மட்டும் இந்த வாரமே மாற்றி, மேலே இரண்டு வரி அறிவிப்புப் போடுங்கள். பெரிய கோவிலையும் மிளகாயையும் ஒரு மாலையில் எடுத்துவிடலாம். நந்தவனக் காட்சிகள் தொடர் முடியும்வரை அப்படியே கிடக்கட்டும், புத்தகமாகும்போது வெட்டிக்கொள்ளலாம். பதினைந்தாவது அத்தியாயத்தைச் செவிலியின் பக்கத்திலிருந்து எழுதுங்கள், 1500 வார்த்தைக்குள். இளங்கதிரும் யாழினியும் அதில் பேசிக்கொள்ளவே வேண்டாம். எழுதி முடித்ததும் அனுப்புங்கள், வெளியிடுவதற்கு முன்பு பார்த்துத் தருகிறேன்.